பிளைபேக் டிரான்ஸ்பார்மர்: எந்த முனை எங்கே போகவேண்டும்?

கேள்வி: 230 வோல்ட்டில் ஓடும் பிளைபேக் சப்ளை ஒன்று செய்கிறேன். மாஸ்ஃபெட்டை (சுவிட்ச்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) ஆன்-ஆஃப் செய்ய யூசி3842 ஐசி. பிரைமரி 75 சுற்று, 5 வோல்ட்டுக்கு 4 சுற்று, 12 வோல்ட்டுக்கு 9 சுற்று, ஐசிக்குத் தனியாக 11 சுற்று. ஆன் செய்ததும் மாஸ்ஃபெட் கொதித்துப் போய்விடுகிறது. முனைகளை எப்படி இணைப்பது?

பதில்: சுற்றுக் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. 5 வோல்ட்டோடு ஷாட்கி டயோடில் விழும் அரை வோல்ட்டைச் சேர்த்து 4 ஆல் வகுத்தால் சுற்றுக்கு 1.375 வோல்ட். அதே கணக்கில் 9 சுற்றுக்கு, டயோடு போக, 11.7 வோல்ட் வரும். அது போதும். எனக்குச் சந்தேகம் போலாரிட்டி மேல்தான், அதாவது வைண்டிங்கின் எந்த முனை எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பதில்.

மாஸ்ஃபெட் ஆனில் இருக்கும்போது செகண்டரி டயோடு எதுவும் கடத்தக் கூடாது. அந்த நேரத்தில் ஆற்றல் கோரின் ஏர்கேப்பில் சேர்கிறது. ஆஃப் ஆனதும் வெளியே வருகிறது. செகண்டரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் ஆனிலேயே டயோடு கடத்தும். 230 வோல்ட் ஏசியை டிசி ஆக்கினால் வரும் 325 வோல்ட்டை 75 ஆல் வகுத்தால் சுற்றுக்கு 4.3 வோல்ட், 5 வோல்ட் கெப்பாசிட்டருக்கு 17 வோல்ட் கிடைக்கும். நடுவில் சோக் இல்லாததால் கரண்ட் எகிறும், மாஸ்ஃபெட் தாங்காது.

எல்லா வைண்டிங்கையும் ஒரே திசையில் சுற்றியிருந்தால் ஒரே விதிதான்: பிரைமரியின் தொடக்க முனை மாஸ்ஃபெட்டின் டிரெயினுக்கு, மற்ற ஒவ்வொன்றின் தொடக்க முனையும் அதனதன் டயோடு ஆனோடுக்கு. முடிவு முனைகளில் பிரைமரியுடையது பிளஸ் 325க்கும், 5, 12 வோல்ட் வைண்டிங்குகளுடையவை செகண்டரி கிரவுண்டுக்கும் போகும். ஐசி வைண்டிங்கின் முடிவு மட்டும் பிரைமரி பக்கத்து கிரவுண்டுக்கு. இதைச் செகண்டரி கிரவுண்டில் போட்டுவிட்டால் ஐசோலேஷனே (மெயின்ஸிலிருந்து பிரித்து வைக்கும் தடுப்பு) போச்சு, வெளியே தொடுபவருக்கு ஷாக் அடிக்கும். தயவுசெய்து இதை மட்டும் இரண்டு தடவை பாருங்கள்.

எந்தப் பின் தொடக்கம் என்று மறந்துவிட்டதா? டிரான்ஸ்பார்மரை போர்டிலிருந்து கழற்றுங்கள். டிரெயின் பின்னையும் 12 வோல்ட் வைண்டிங்கின் ஒரு பின்னையும் சேர்த்துவிட்டு, மீதி இரு பின்களுக்கு நடுவே எல்சிஆர் மீட்டரை (இண்டக்டன்ஸ் அளக்கும் கருவி) வையுங்கள். பிரைமரி தனியாக 1 மில்லிஹென்றி காட்டினால், இப்போது சுமார் 0.77 அல்லது 1.25 வரும். குறைந்தால் சேர்த்த இரண்டும் ஒரே போலாரிட்டி, அந்தப் பின்தான் ஆனோடுக்கு. கூடினால் அடுத்த பின். 4 சுற்றில் வித்தியாசம் சிறிதாக, 0.90 அல்லது 1.11 என்றுதான் வரும். ஆனாலும் தெளிவாகத் தெரியும்.

சரி, மறுபடி ஆன் செய்யும்போது 60 வாட் குண்டு பல்பை 230 வோல்ட் லைனில் சீரிஸில் போடுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி அணைந்தால் பரவாயில்லை. எரிந்துகொண்டே இருந்தால் உடனே ஆஃப். போர்டைத் தொடுவதற்கு முன் பெரிய கெப்பாசிட்டரை ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்யவேண்டும்.

அப்புறம் ஒன்று. ஃபீட்பேக்கை (வோல்ட்டேஜைக் கவனித்து ஐசிக்குச் சொல்லும் இணைப்பு) 5 வோல்ட்டில் மட்டும் எடுத்தால், 12இல் லோடு இல்லாதபோது அது 15, 16 என்று ஏறும். மாஸ்ஃபெட் ஆஃப் ஆகும் கணத்தில் எழும் லீக்கேஜ் ஸ்பைக்கின் உச்சத்தை அந்தக் கெப்பாசிட்டர் பிடித்துக்கொள்வதே காரணம். 12 வோல்ட்டில் 1 கிலோஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தர லோடாகப் போட்டால் ஓரளவு அடங்கும். அடுத்த முறை சுற்றும்போது 12க்குத் தனி 9 சுற்று வேண்டாம். அதே திசையில் இன்னும் 5 சுற்று மட்டும் பாபின் அகலம் முழுக்கப் பரப்பிச் சுற்றி, அதன் முடிவு முனையை 5 வோல்ட்டின் 4 சுற்றின் தொடக்க முனையோடு சேருங்கள். அந்த 5 சுற்றின் தொடக்க முனைதான் 12 வோல்ட் டயோடுக்குப் போகவேண்டும்.