பிரெஞ்சு கேள்வி–பதில்: ஒரு தொப்பிக்குறி தவறினால்

கேள்வி: என் தாத்தா பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் புதுச்சேரி அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தவர். தம்முடன் வேலை பார்த்த தம்பியைப் பற்றி 1948-இல் மேலதிகாரிக்கு அவர் எழுதிய கடிதத்தின் நகல் வீட்டுப் பெட்டியில் கிடைத்தது. கல்லூரியில் பிரெஞ்சு படிக்கும் என் மகன் அதைப் படித்துவிட்டு, ‘நான் விரும்பினேன், அவன் தங்கினான்; உடல்நலமில்லாதிருந்தும் அன்று மாலையே கிளம்பினான்’ என்று மொழிபெயர்த்தான். தங்கியவர் அன்று மாலையே எப்படிக் கிளம்பியிருக்க முடியும்? சின்னத் தாத்தா வேலையை விட்டு ஊருக்குத் திரும்பி, கடைசிவரை இங்கேயே விவசாயம் பார்த்தவர் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த இரண்டு வரிகளையும் அப்படியே எழுதி அனுப்பியுள்ளேன். – வாசகி, ஊத்தங்கரை.

பதில்: உங்கள் குடும்பத்தார் சொல்வதே சரி, அம்மா. கடிதமும் அதையேதான் சொல்கிறது. முதல் வரி ‘ஜ வூலே கில் ரெஸ்தா’ என்று ஒலிக்கிறது. ‘ரெஸ்தே’ என்றால் தங்குதல். அந்த வினையின் எளிய இறந்தகாலமான ‘இல் ரெஸ்தா’ என்பதற்கு ‘அவன் தங்கினான்’ என்பது பொருள். உங்கள் மகன் அப்படித்தான் படித்திருக்கிறார். ஆனால் நீங்கள் எழுதி அனுப்பிய வரியில் கடைசி ஆ-வின் மேல் கூரைபோல ஒரு குறியும் (இதைத்தான் தொப்பி என்கிறேன்), அதை அடுத்து ஒலிக்காத ஒரு டி (t) எழுத்தும் இருக்கின்றன. இந்த இரண்டும் சேர்ந்தால் அது சப்ஜங்டிவின் (விருப்பம் போன்றவற்றைச் சொல்லும் தொடருக்குப் பின் வரும் தனி வினைவடிவத்தின்) இறந்தகால வடிவம், அதாவது பிரெஞ்சுக்காரர் ‘சுப்ஜோன்க்திஃப் அம்பார்ஃபே’ என்று அழைப்பது. எனவே அந்த வரிக்கு ‘அவன் தங்கவேண்டும் என்று விரும்பினேன்’ என்பதே பொருள். விருப்பம் தாத்தாவுடையது, தங்கியதாகக் கடிதம் எங்கும் சொல்லவில்லை.

வாய்விட்டுப் படித்தால் இரண்டும் ஒரே ஒலி. ஆகவே மகன் பிரெஞ்சு தெரியாமல் தவறினார் என்று நினைக்க வேண்டாம். காதால் பிடிக்க முடியாத வேறுபாட்டைக் கண்ணால் பிடிக்கத் தவறினார், அவ்வளவுதான். பழைய கையெழுத்தில் மை மங்கித் தொப்பிக்குறி தெரியாமல் போவதும் உண்டு. அப்போது டி எழுத்தைத் தேடுங்கள். ‘ரெஸ்தே’, ‘பார்லே’ போல ஈ-ஆர் எழுத்துகளில் முடியும் வினைகளின் எளிய இறந்தகாலத்தில், படர்க்கை ஒருமைக்கு டி வராது. ஆகவே தொப்பி அழிந்திருந்தாலும் டி காட்டிக்கொடுத்துவிடும். மற்ற வினைகளில் இந்த உதவி கிடையாது, இரண்டு வடிவங்களிலுமே டி உண்டு. அங்கே தொப்பி ஒன்றுதான் சாட்சி.

இரண்டாவது வரியே அதற்கு எடுத்துக்காட்டு. ‘பியேன் கில் ஃப்யு மலாத், இல் பார்த்தி’ என்பதில் ‘ஃப்யு’வின் மேல் தொப்பி இருக்கிறது, ‘பார்த்தி’யின் மேல் இல்லை. கிளம்பியது நடந்த செய்தி, எனவே எளிய இறந்தகாலம். உடல்நலமில்லாததும் நடந்ததுதானே, அங்கே மட்டும் ஏன் சப்ஜங்டிவ் என்று நீங்கள் கேட்கலாம். ‘இருந்தும்’, ‘ஆயினும்’ என்னும் பொருள் தரும் ‘பியேன் கெ’ என்ற தொடருக்குப் பின்னால், சொல்லப்படுவது உண்மையே ஆனாலும் சப்ஜங்டிவ்தான் வரவேண்டும் என்பது பிரெஞ்சின் கட்டுப்பாடு. இந்த இடத்தில் மகனின் மொழிபெயர்ப்பில் குறையில்லை. சப்ஜங்டிவ் என்றாலே நடக்காதது என்று பாடம் செய்துகொண்டவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள்.

அந்தத் தொப்பியின் வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது தெரிந்தால் குறி மறக்காது. லத்தீனில் ‘அமாவிஸ்ஸெத்’ என்று இருந்த வடிவம் சுருங்கி ‘அமாஸ்ஸெத்’ ஆகி, பழைய பிரெஞ்சில் எஸ், டி என்ற இரண்டு எழுத்துகளோடு முடிந்தது. நாளடைவில் எஸ் ஒலிக்காமல் போயிற்று. பிரெஞ்சு அகாதமி தன் அகராதியின் 1740-ஆம் ஆண்டுப் பதிப்பில், இப்படி ஒலியிழந்த எஸ் எழுத்துகள் பலவற்றை நீக்கிவிட்டு, அவற்றுக்கு முன்னிருந்த உயிரெழுத்தின்மேல் தொப்பியை வைத்தது. ஏரிக்கரைகளிலும் வயல்வரப்புகளிலும் நடுகற்களைப் பார்த்து வளர்ந்த நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: விழுந்த எழுத்துக்கு நட்ட கல் அது. 1990-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் ஐ, யு ஆகிய எழுத்துகளின் மேலுள்ள தொப்பியைப் பல சொற்களில் விருப்பத்துக்கு விட்டபோதும், இந்த வினைவடிவத்தில் கைவைக்கவில்லை. எடுத்துவிட்டால் ‘இருந்தான்’ என்பதையும் ‘இருக்க’ என்பதையும் பிரித்தறிய வழியில்லை என்பதே காரணம்.

கேள்வி: பெங்களூருக்குச் சென்று பிரெஞ்சு மொழித்திறனுக்கான பி2 நிலைத் தேர்வுக்குப் படித்துவருகிறேன். இந்த வடிவத்தை எல்லா வினைகளுக்கும் மனப்பாடம் செய்ய வேண்டுமா? – பொறியாளர், ஓசூர்.

பதில்: வேண்டாம். பி2 நிலையில் நிகழ்கால சப்ஜங்டிவைப் பிழையின்றிக் கையாண்டால் போதும். இந்த வடிவத்தைப் படித்தால் அடையாளம் தெரிய வேண்டும். அதற்கு மனப்பாடத்தைவிட ஒரு வழி எளிது. ‘பாசே சேம்ப்ல்’ என்னும் எளிய இறந்தகாலத்தில் முன்னிலை ஒருமையை எடுத்துக்கொள்ளுங்கள். அது எப்போதும் எஸ் எழுத்தில் முடியும். அதனோடு எஸ், ஈ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்தால் தன்மை ஒருமை கிடைத்துவிடும். பேசுதல் ‘பார்லாஸ்’ ஆகிறது, முடித்தல் ‘ஃபினிஸ்’ ஆகிறது, இருத்தல் ‘ஃப்யுஸ்’ ஆகிறது. தன்மைப் பன்மைக்கு ‘பார்லாசியோன்’, முன்னிலைப் பன்மைக்கு ‘பார்லாசியே’. படர்க்கை ஒருமை மட்டும் இந்த வரிசையிலிருந்து விலகித் தொப்பியும் டி-யும் பெற்று ‘பார்லா’ என்று நிற்கும். வெறுத்தல் என்னும் பொருள்தரும் ‘ஆயீர்’ வினையில் உயிரெழுத்தின்மேல் ஏற்கெனவே இரட்டைப்புள்ளி இருப்பதால் அங்கே தொப்பி ஏறாது. எல்லா ஒழுங்கற்ற வினைகளும் இந்த விதிக்குள் அடங்கிவிடுவது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் செய்தி.

ஒலியை மட்டும் நம்ப வேண்டாம். வருதல் என்னும் வினையின் படர்க்கை ஒருமை ‘வேன்’ என்று மூக்கொலியோடு ஒலிக்கும். திராட்சை மதுவுக்கும் இருபது என்ற எண்ணுக்கும் பிரெஞ்சில் அதே ஒலிதான். ‘ஃப்யு’ என்று நான் எழுதுவதும் தோராயமே. உதடுகளை ‘ஊ’ சொல்வதுபோலக் குவித்துக்கொண்டு உள்ளே ‘ஈ’ சொல்லிப் பாருங்கள், சரியான ஒலி வரும்.

கேள்வி: முதன்மை வினை இறந்தகாலத்தில் இருந்தால் சார்வினையும் சப்ஜங்டிவின் இறந்தகாலத்தில் வரவேண்டும் என்கிறது பழைய இலக்கண நூல். மாணவர்கள் நிகழ்கால சப்ஜங்டிவையே எழுதுகிறார்கள். மதிப்பெண்ணைக் குறைக்கலாமா? – ஆசிரியை, தர்மபுரி.

பதில்: குறைக்க வேண்டாம். பிரெஞ்சுக் கல்வி அமைச்சகமே 1901-இல், முதன்மை வினை நிபந்தனைப் பொருளில் வரும் வாக்கியங்களுக்கு இந்தச் சலுகையை அளித்தது. 1976 டிசம்பர் 28-ஆம் நாளிட்ட ஆணை அதை இறந்தகால வாக்கியங்களுக்கும் விரித்து, தேர்வுகளில் இரண்டு வடிவங்களையும் ஏற்கச் சொன்னது. இன்றைய பேச்சிலும் கடிதங்களிலும் நாளிதழ்களிலும் நிகழ்கால வடிவமே இயல்பு.

நம் மாணவர்கள் அப்படி எழுதுவதற்குச் சோம்பலைக் காரணமாகச் சொல்லக் கூடாது, அவர்களுடைய தாய்மொழியே காரணம் என்பது என் உறுதியான எண்ணம். ‘அவன் வரவேண்டும் என்று விரும்புகிறேன்’ என்றாலும் ‘விரும்பினேன்’ என்றாலும் தமிழில் ‘வர’ என்பது மாறுவதில்லை. அந்த எச்சத்தில் காலங்காட்டும் இடைநிலையே இல்லை. காலத்தை முற்றுவினை ஒன்றே சுமக்கிறது. பழைய பிரெஞ்சு இலக்கணமோ, முதன்மை வினை பின்னோக்கி நகர்ந்தால் சார்வினையும் கூடவே நகர வேண்டும் என்றது. வகுப்பில் இந்த இரண்டு தமிழ் வாக்கியங்களையும் கரும்பலகையில் எழுதி, ‘வர’ என்பதன்கீழ் கோடிட்டுக் காட்டிவிட்டுப் பிறகு பிரெஞ்சு விதிக்குச் செல்லுங்கள். விகுதிகளைப் பட்டியலாக ஒப்பிக்க வைப்பதைவிட இது விரைவில் பதியும்.

கேள்வி: ‘நான் பணக்காரனாக இருந்தால்’ என்பதற்கு ‘சி ஜ ஃப்யுஸ்’ என்று எழுதினேன். ஆங்கிலத்தில் சப்ஜங்டிவ் வருகிறதே, பிரெஞ்சில் ஏன் தவறு என்கிறார்கள்? – மாணவர், பாலக்கோடு.

பதில்: ‘சி’ என்பதற்குப் பின் பிரெஞ்சில் சாதாரண இம்பெர்ஃபெக்ட், அதாவது சப்ஜங்டிவ் அல்லாத தொடர் இறந்தகாலம், வரவேண்டும்; ‘சி ஜெத்தே’ என்பதே சரி. பழைய உரைநடையில் ‘சில் ஃப்யு வெனு’ போன்ற தொடரைக் காண்பீர்கள்; அது ‘வந்திருந்தால்’ என்னும் பொருளில் வரும் கூட்டுவடிவம், வேறு கணக்கு. ஆங்கிலத்தின் வழியாகப் பிரெஞ்சுக்குப் போகாமல், தமிழிலிருந்து நேராகப் போய்ப் பழகுங்கள்.

கேள்வி: சப்ஜங்டிவின் இந்த இறந்தகால வடிவத்தை இன்று யாராவது பேசுகிறார்களா? பேச்சில் இல்லாததை நாங்கள் எதற்குப் படிக்க வேண்டும்? – வாசகர், பென்னாகரம்.

பதில்: உரையாடலில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ‘பார்லாசியோன்’ போன்ற நீண்ட வடிவங்கள் பிரெஞ்சுக்காரர் காதுக்கே செயற்கையாக ஒலிக்கின்றன. ‘ஒருமுறையாவது’, ‘சிறிதளவேனும்’ என்னும் பொருளில் வரும் ‘ந ஃப்யுஸ் கெ’ போன்ற சில மரபுத்தொடர்கள் மட்டும் இன்னும் எழுத்தில் வாழ்கின்றன. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவலைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் இந்த வடிவம் வரும். புதுச்சேரியின் பழைய பத்திரங்களிலும் கடிதங்களிலும் வரும். ஆகவே பேசப் பழக வேண்டாம், படிக்கப் பழகுங்கள். இருத்தல், உடைத்திருத்தல், செய்தல், வருதல், இயலுதல், வேண்டுதல் ஆகிய ஆறு வினைகளின் படர்க்கை ஒருமையைத் தெரிந்துகொண்டால் நீங்கள் சந்திக்கப்போவதில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். ஒரு பழைய பக்கத்தை எடுத்து, பென்சிலால் தொப்பியுள்ள வினைகளை மட்டும் வட்டமிட்டுவிட்டு, ஒவ்வொன்றையும் எந்த முதன்மை வினை இழுத்து நிறுத்தியிருக்கிறது என்று அம்புக்குறி போட்டுப் பாருங்கள்.