பிடி (Bt) பருத்திக்கொட்டை, மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள்: கேள்வி பதில்

கேள்வி (அந்தியூர்): கடையில் கிடைக்கிற பருத்திக்கொட்டை எல்லாமே பிடி ரகம்தானாமே, அதாவது புழுவைக் கொல்கிற மரபணுவைச் சேர்த்த ரகம். புழுவைக் கொல்கிற நஞ்சு, மாட்டு வயிற்றில் இருக்கிற நல்ல பாக்டீரியாவைக் கொல்லாதா டாக்டர்?

பதில்: கொல்லாது. 2002-ல் அனுமதி கிடைத்த பிறகு நம் நாட்டுப் பருத்தியில் பெரும்பகுதி பிடிதான். உங்கள் கொட்டையும் அநேகமாக அதுவே. அதில் இருப்பது க்ரை1ஏசி என்ற புரதம்; 2006-ல் வந்த இரட்டை மரபணு ரகங்களில் க்ரை2ஏபி-யும் சேர்ந்தது. காய்ப்புழுவின் குடல் காரத்தன்மை உள்ளது. அங்கே இந்தப் புரதம் கரைந்து, குடல் சுவரில் உள்ள குறிப்பிட்ட ஏற்பிகளில் (புரதம் பற்றிக்கொள்ளும் இடங்களில்) ஒட்டி ஓட்டை போடும். பாக்டீரியாவிடம் அந்த ஏற்பி கிடையாது. மாட்டின் முதல் வயிறான பெருவயிற்றில் பிஎச் (அமில-கார அளவு) 6-க்கும் 7-க்கும் நடுவில் இருக்கும்; அதாவது புழுக்குடல் போலக் காரத்தன்மை இல்லை. அங்குள்ள நுண்ணுயிர்கள் மற்றப் புரதங்களைப் போலவே இதையும் உடைத்துத் தின்கின்றன. தப்பியது நான்காம் வயிற்று அமிலத்தில் சிதையும். ஜெர்மனியில் பிடி176 மக்காச்சோளம் தின்ற மாடுகளின் பெருவயிற்று பாக்டீரியாக்களை ஒப்பிட்டு 2004-ல் வெளியான ஆய்விலும் அந்தச் சோளத்தால் வந்த மாற்றம் எதுவும் தெரியவில்லை.

கேள்வி: ஆன்டிபயாட்டிக்கை எதிர்க்கிற மரபணு அந்த விதையில் இருக்கிறதாமே? அது பாக்டீரியாவுக்குப் போய்விடாதா?

பதில்: முதலில் வந்த பிடி பருத்தியில் அடையாளத்துக்காக வைத்த அந்த மரபணு உண்டு. ஆனால் தீவனத்தின் டிஎன்ஏ பெருவயிற்றில் விரைவில் துண்டாகிவிடும். முழு மரபணுவும் சிதையாமல் ஒரு பாக்டீரியாவுக்குள் போய் வேலை செய்வது மிக மிக அரிது. அதே எதிர்ப்பு மரபணு மண்ணிலும் சாணத்திலும் ஏற்கெனவே ஏராளம். மடிநோய்க்கு ஆன்டிபயாட்டிக் ஊசி போட்ட மாட்டின் பாலை விற்க முடியாதென்று கன்றுக்கு ஊட்டுகிறார்களே, எதிர்ப்புத் திறன் கொண்ட பாக்டீரியா பெருகுவதற்கு அதுதான் நேர்வழி. தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

கேள்வி: 2021-ல் மரபணு மாற்றிய சோயா பிண்ணாக்கை இறக்குமதி செய்ய விட்டார்களே. அதில் களைக்கொல்லி மிச்சம் இருக்காதா?

பதில்: இது நியாயமான கேள்வி. அந்த அனுமதி 12 லட்சம் டன்னுக்கு. அப்படிப்பட்ட சோயா பெரும்பாலும் களைக்கொல்லி தெளித்தாலும் சாகாத ரகம். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி ஒரு நொதியை முடக்கித்தான் களையைக் கொல்கிறது; அந்த நொதி செடியில் மட்டுமல்ல, பல பாக்டீரியாக்களிலும் உண்டு. 2013-ல் கோழிக்குடல் பாக்டீரியாக்களை ஆய்வகத்தில் சோதித்தபோது, லாக்டோபேசில்லஸ் போன்ற நல்லவை எளிதில் பாதிக்கப்பட்டன, நோய் தரும் சால்மோனெல்லா தாக்குப்பிடித்தது. செயற்கைப் பெருவயிறு அமைத்துப் பின்னர் செய்த ஆய்வில் பெரிய பாதிப்பு தெரியவில்லை. எனவே மரபணுவையும் களைக்கொல்லி எச்சத்தையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள். சோதிக்க வேண்டியது எச்சத்தை.

கேள்வி (காங்கேயம்): தினம் 4 கிலோ கொட்டையை ஊறவைத்து ஆட்டி வைக்கிறோம். சாணி இளகுகிறது, பாலில் கொழுப்பும் குறைகிறது. பிடி காரணமில்லை என்றால் வேறு என்ன?

பதில்: எண்ணெய். கொட்டையில் சுமார் 18 சதவீதம் எண்ணெய். 4 கிலோவில் 700 கிராமுக்கு மேல். 400 கிலோ எடையுள்ள மாடு ஒரு நாளில் தின்கிற உலர்பொருளே 12 கிலோதான். இந்த எண்ணெய் மட்டுமே அதில் 6 சதவீதம் ஆகிறது; மற்றத் தீவனத்தின் கொழுப்பையும் சேர்த்தால் பெருவயிறு தாங்கும் வரம்பைத் தாண்டிவிடும். எண்ணெய் நார்மேல் படிந்து, நாரைச் செரிக்கிற பாக்டீரியாவை அடக்கிவிடும். முழுக்கொட்டையாகத் தின்றால் எண்ணெய் மெல்லமெல்ல வெளியேறும். ஆட்டினால் மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கும். சாணியைக் கையில் எடுத்துப் பிசைந்து பாருங்கள்: விரல்கடை நீளத்துக்குச் சோளத்தட்டின் துண்டு அப்படியே வந்தால் நார் செரிக்கவில்லை என்று பொருள்.

உடனே ஒன்றரை கிலோவுக்குக் குறையுங்கள்; இரண்டுக்கு மேல் போக வேண்டாம். சோளத்தட்டோ வைக்கோலோ முதலில், கொட்டை பிறகு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அரை கிலோவில் ஆரம்பித்து, மூன்று நாளுக்கு ஒருமுறை கால் கிலோ கூட்டுங்கள். நுண்ணுயிர்க் கூட்டம் பழக இரண்டு வாரமாவது வேண்டும்.

கேள்வி: கன்றுக்குக் கொடுக்கலாமா?

பதில்: நாலு மாதம் வரை வேண்டாம். கொட்டையில் இயற்கையாகவே உள்ள காசிபால் என்ற நஞ்சை முடக்குவது பெருவயிற்று நுண்ணுயிர்கள்தான். கன்றுக்கு அவை இன்னும் பெருகியிருக்காது. பொலிகாளைக்கும் தவிர்த்துவிடுங்கள், விந்து கெடும்.

கேள்வி: பிண்ணாக்கில் லேசாகப் பூஞ்சை. காயவைத்துப் போடலாமா?

பதில்: வேண்டாம். வெயிலில் பூஞ்சை காய்ந்துவிடும். அது விட்ட அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு போகாது. ஒரே நாளில் அது பாலில் வந்துவிடும். அந்தப் பிண்ணாக்கை நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் பால் தெளியும். மூட்டையைத் தரையில் போடாமல் பலகைமேல், சுவரைத் தொடாமல் அடுக்குங்கள்.