பால்பாம்புக் குட்டிகளை ஒரே தொட்டியில் வளர்க்கலாமா?

கேள்வி: டெக்சஸில் வசிக்கிறோம். முட்டையிலிருந்து வெளிவந்து ஒரு மாதமே ஆன ஹோண்டுரன் பால்பாம்புக் குட்டிகள் இரண்டை மகனுக்காக வாங்கி, 20 காலன் கண்ணாடித் தொட்டியில் சேர்த்து விட்டிருக்கிறோம். கைக்குப் பழகட்டும் என்று தினமும் எடுத்து வைத்துக்கொள்கிறோம். 12 நாட்களாகியும் இரண்டும் இரையைத் தொடவில்லை. தொட்டியில் இடம் போதவில்லையா?

பதில்: இடம் போதாமல் இல்லை, மிஞ்சிப்போய் இருக்கிறது. ஆனால் அதைவிட அவசரமானது, இரண்டு குட்டிகளையும் இன்றே பிரித்து வைப்பது. பால்பாம்பு, கிங் ஸ்னேக்குகளின் பேரினமான லாம்ப்ரோபெல்டிஸைச் சேர்ந்தது; அந்த வகைப் பாம்புகள் பல்லி, எலியோடு பிற பாம்புகளையும் விழுங்கும். உடன்பிறந்தது என்ற கணக்கெல்லாம் அவற்றிடம் இல்லை. இரண்டும் ஒரே பருமன்தானே என்றும் இருந்துவிட வேண்டாம். ஒரே எலிக்குஞ்சை இரண்டும் இருபுறமாகக் கவ்விக்கொண்டால், விழுங்கிக்கொண்டே வரும் ஒன்று மற்றதையும் சேர்த்து விழுங்க முற்படும்.

இரை எடுக்காததற்குப் பெரும்பாலும் பயமே காரணம். பென்சில் கனமே உள்ள குட்டிக்கு விரிந்த கண்ணாடித் தொட்டி என்பது ஒளிய இடமில்லாத வெட்டவெளி. செருப்புப் பெட்டி அளவுள்ள, மூடி இறுகப் பூட்டும் பிளாஸ்டிக் டப்பாவைக் குட்டிக்கு ஒன்றாக வாங்கி, பக்கவாட்டில் சிறு காற்றுத்துளைகள் இடுங்கள். தலை நுழையும் சந்து எதுவாயினும் உடலும் நுழைந்து வெளியேறிவிடும் என்பதால், துளைகள் தலையைவிட நன்றாகச் சிறியவையாக இருக்க வேண்டும். தரையில் இப்போதைக்குக் காகிதத் துவாலையே போதும். பின்னர் ஆஸ்பென் மரச்சீவல் இடலாம். செடார் சீவல் மட்டும் கூடாது, அதன் எண்ணெய் வாசம் பாம்புக்குக் கேடு. டப்பாவின் இரு முனைகளிலும் ஒவ்வொரு மறைவிடம் வையுங்கள். சுருண்டு படுத்தால் உடலின் பக்கங்கள் சுவரில் உரச வேண்டும். அந்த நெருக்கம்தான் பாம்புக்குப் பாதுகாப்பு. டாய்லெட் காகிதச் சுருளின் அட்டைக்குழாயே போதும்.

டப்பாவின் மூன்றில் ஒரு பங்கு அடிப்பரப்பில் மட்டும் ஹீட் மேட் எனப்படும் மின் சூட்டு விரிப்பை வைத்து, அந்த முனை 29 முதல் 31 டிகிரி செல்சியஸ் வரையிலும், மறுமுனை 23 டிகிரியை ஒட்டியும் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் கருவி இல்லாமல் ஹீட் மேட்டைப் போடவே கூடாது. சூடு ஏறிக்கொண்டே போனாலும் பாம்பு அதன்மேலேயே படுத்து வயிற்றைப் பொசுக்கிக்கொள்ளும்.

இனி ஒரு வாரம் குட்டிகளைக் கையில் எடுக்காதீர்கள். தண்ணீர் மாற்றவும் கழிவை அகற்றவும் மட்டும் டப்பாவைத் திறந்தால் போதும். ஏழாம் நாள் மாலையில், பிங்கி எனப்படும் மயிர் முளைக்காத சுண்டெலிக் குஞ்சை, உறைநிலையிலிருந்து எடுத்து வெந்நீரில் இளக்கி, உடல்சூட்டுக்குக் கொண்டுவந்து துடைத்து, மறைவிடத்தின் வாயிலில் வைத்துவிட்டு விளக்கை அணைத்துவிட்டுப் போங்கள். மைக்ரோவேவில் சூடாக்காதீர்கள். இரையின் பருமன் குட்டியின் உடல் பருமனைப் பெரிதாக மிஞ்சக் கூடாது. காலையிலும் அப்படியே கிடந்தால் அப்புறப்படுத்திவிட்டு, ஐந்து நாள் கழித்து மீண்டும் வையுங்கள். காட்டில் பல்லிகளைத் தேடித் தின்னும் இனம் என்பதால் சில குட்டிகளுக்கு எலி வாசமே பிடிபடுவதில்லை. அதற்கு, சோப்பில்லாமல் இரையைக் கழுவி, பல்லி உரித்த தோலால் அதைத் தேய்த்து வைப்பது வளர்ப்பவர்களின் பழைய உத்தி. இரை எடுத்த பிறகு இரண்டு நாள் தொட வேண்டாம்; தொட்டால் கக்கிவிடும். கண்கள் நீலம் பூத்தது போல மங்கியிருந்தால் சட்டை உரிக்கப் போகிறது என்று பொருள். அப்போது பட்டினி கிடப்பது இயல்பு, ஈரப் பாசி வைத்து, குட்டி நுழைய வழிவிட்டு மூடிய கிண்ணம் ஒன்று உள்ளே இருந்தால் சட்டை கிழியாமல் கழலும். ஆனால் முதுகெலும்பு புடைத்துத் தெரியும்படி குட்டி மெலிந்தால் காத்திருக்காமல், ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

பெயரை நம்பிப் பால் வைத்துவிடாதீர்கள். புற்றுக்குப் பால் வார்க்கும் நமக்கு அந்த எண்ணம் வருவது இயல்புதான். அமெரிக்க விவசாயிகளும் கொட்டிலில் இந்தப் பாம்பைக் கண்டு, மாட்டு மடியில் பால் குடிக்க வந்தது என்றே நம்பினார்கள். அது வந்ததோ எலிக்கு. தண்ணீர்க் கிண்ணம் போதும். பாம்பைத் தொட்ட கையை உங்கள் மகன் சோப்பிட்டுக் கழுவுவதைக் கண்டிப்பாகப் பழக்குங்கள், சால்மோனெல்லா கிருமி வெளிப்பார்வைக்கு நலமான பாம்பிலும் இருக்கும்.

கண்ணாடித் தொட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். குட்டி இரண்டடியைத் தாண்டிய பிறகு ஒன்றை அதற்கு மாற்றலாம். மற்றதற்கு இன்னொரு தொட்டி வாங்க வேண்டியிருக்கும்.