மூலையில் இடிக்கும் கடைசிப் பேனல்

கேள்வி: அறைச் சுவர் ஒன்றில் மரப் பேனல்களைப் பொருத்தி வருகிறேன். மூலையை ஒட்டிய கடைசிப் பேனலை மட்டும், அளந்து அறுத்த பிறகும், அடியில் இடிக்கிறது. மேலே விரற்கடை இடைவெளி தெரிகிறது. அறுத்த விளிம்பில் மேற்பூச்சும் பெயர்ந்துவிட்டது. என்ன தவறு செய்தேன்?

பதில்: அளந்ததில் தவறு இருந்திருக்காது. ஓரிடத்தில் அளந்த அகலத்தை மேலிருந்து கீழ்வரை நேர்க்கோடாக இழுத்ததில்தான் சிக்கல் வந்திருக்க வேண்டும். ஏனெனில், பூச்சுச் சுவரின் மூலை தூக்குக்குண்டுக்கு ஒத்து நேராக நிற்பது அரிது. ஆகவே இந்த இடத்தில் அளவுநாடாவை நம்பாமல், சுவரின் வளைவையே பேனலின் மேல் வரைந்துகொள்ள வேண்டும்.

புதிய பேனல் ஒன்றை, ஏற்கெனவே பொருத்திய கடைசி முழுப் பேனலின் மேல் இம்மியும் விலகாமல் பொருந்த வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். பேனலின் நாக்கை (அடுத்த பேனலின் பள்ளத்தில் செருகும் மெல்லிய விளிம்பை) நீக்கிய அகலத்துக்குச் சமமான நீளமுள்ள ஒரு மரத்துண்டை எடுத்து, அதன் ஒரு முனையை மூலைச் சுவரில் உரசியபடியே, மட்டம் சாயாமல் மேலிருந்து கீழே நகர்த்தி, மறுமுனையை ஒட்டிப் பென்சிலால் கோடு இழுத்தால், சுவரின் மேடுபள்ளம் அப்படியே பேனலில் பதிந்துவிடும். கோட்டுக்கு ஒரு மி.மீ. வெளியே அறுத்து, மீதியை இழைப்புளியால் சீவுங்கள். பின்பக்கத்தைச் சற்றுச் சாய்வாகச் சீவினால் முன்விளிம்பு மட்டுமே சுவரைத் தொடும். அதன் பிறகு அரை மி.மீ. திருத்தம்கூடச் சில நொடி வேலைதான்.

பூச்சுப் பெயர்வதற்குக் காரணம் ரம்பப் பல் வெட்டும் திசை. பல் வெளியேறும் பக்கத்தில்தான் சிதறும். கோடு முன்பக்கத்தில் இருப்பதால், தள்ளும்போது வெட்டும் கைரம்பத்தையோ, பற்கள் கீழ்நோக்கிய ஜிக்சா (மேலும் கீழும் அசைந்து வெட்டும் மின்ரம்பம்) பிளேடையோ பயன்படுத்துங்கள். சாதாரண ஜிக்சா பிளேடும் கைப்பிடி வட்ட ரம்பமும் மேல்நோக்கி வெட்டுபவை.

இடைவெளியைப் பீடிங் எனப்படும் மெல்லிய மரப் பட்டையால் மூடச் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கோணலான மூலையில் நேரான பட்டையை வைத்தால் கோணல்தான் இன்னும் துலக்கமாகத் தெரியும். தரையோரத்தில் நிலை வேறு: ஈரப்பதத்தால் மரம் உப்பும் என்பதால் அங்கே சில மி.மீ. இடைவெளி வேண்டும், அதைச் சுவரின் அடியோரத்தில் பதிக்கும் ஸ்கர்ட்டிங் பட்டை மறைத்துவிடும்.

அடுத்த சுவரைத் தொடங்குமுன் மொத்த அகலத்தைப் பேனல் அகலத்தால் வகுத்துப் பாருங்கள். கடைசியில் மெல்லிய கீற்று மட்டுமே மிஞ்சுமானால், முதல் பேனலையும் குறைத்து இரு ஓரங்களையும் சமமாக்கிக்கொள்ளுங்கள்.