21 நாள் கணக்கு

வணக்கம். படுத்தபின் ஒரு மணிநேரம் கைபேசி பார்ப்பது, தேநீருக்கு மூன்று கரண்டி சர்க்கரை, உடற்பயிற்சியே செய்யாதது எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயன்றேன். 21 நாள் தாண்டினால் பழக்கமாகிவிடும் என்றார்கள். மூன்று முறையும் பத்து, பன்னிரண்டு நாளில் தவறி, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுகிறேன். எனக்கு மனஉறுதி இல்லையோ? கணக்கு வைக்க நல்ல செயலி எது?
கே.

அன்புள்ள கே.,

கைபேசியைக் குறைக்க அதிலேயே இன்னொரு செயலியா? விடுங்கள். உடற்பயிற்சியும் இப்போதைக்கு வேண்டாம்.

எனக்குக் கோபமெல்லாம் அந்த 21 மேல்தான். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவை மருத்துவர், மாறிய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960இல் எழுதினார். அதைத்தான் எல்லாப் பழக்கத்துக்கும் கெடுவாக்கிவிட்டார்கள். லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர நடுமதிப்பாக 66 நாள். ஆளைப் பொறுத்து 18 முதல் 254 வரை ஆகலாம் என்று கணித்தார்கள். இடையில் ஒருநாள் விட்டுப்போனால் பெரிதாக எதுவும் கெடவில்லை என்பதும் அதே ஆய்வில் உண்டு. அப்புறம் எதற்கு ஒன்றிலிருந்து எண்ணுகிறீர்கள்? பன்னிரண்டாம் நாள் தவறினால் மறுநாள் பதின்மூன்றுதான். மூன்று முறை விழுந்தும் எழுந்தவருக்கு மனஉறுதி இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

சார்ஜர் எங்கே இருக்கிறது, அதைச் சொல்லுங்கள். தலைமாட்டில் என்றால் தினமும் தூக்கக் கலக்கத்தில் உங்களோடு நீங்களே பேரம் பேசித் தோற்பீர்கள். இன்றே அடுத்த அறைக்கு மாற்றுங்கள். அலாரத்துக்கு வேண்டும் என்பீர்கள். தனிக் கடிகாரம் வாங்குங்கள், இருட்டிலும் மணி தெரிவதாக. இல்லாவிட்டால் நள்ளிரவில் மணி பார்க்கப் போய் அரைமணிநேரம் அங்கேயே நிற்பீர்கள். அவசர அழைப்பு வருமே என்றால், வீட்டார் எண்களுக்கு மட்டும் மணி அடிக்கும்படி அமைத்து, ஒலியை முழுதாக வைத்து, கதவைத் திறந்து வையுங்கள். டேப்லெட்டும் வெளியே போகட்டும். பலரும் கோட்டை விடுவது அதில்தான்.

அந்த ஒரு மணிநேரத்தை வெறுமனே விட்டால் கை சும்மா இருக்காது. காலையில் படுக்கையைச் சரிசெய்யும்போதே தலையணைமேல் ஒரு புத்தகத்தை வைத்துவிடுங்கள். சின்னச்சின்னக் கட்டுரைகள் போதும். துப்பறியும் நாவல் கூடவே கூடாது, அது இன்னொரு கைபேசி. இலக்கு இரண்டு பக்கம். விளக்கின் சுவிட்ச் படுத்தபடியே எட்ட வேண்டும். எழுந்துபோய் அணைக்கவேண்டுமென்றால் நாலாம் நாளே புத்தகத்தைத் தொடமாட்டீர்கள்.

இது யோசிக்காமல் நடக்கத் தொடங்கியபின் சர்க்கரைக்கு வாருங்கள். பத்து நாளுக்கு ஒருமுறை அரைக் கரண்டி வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். கரண்டியைத் தட்டி மட்டமாக அளக்க வேண்டும். குவித்து அள்ளினால் இரண்டரை என்று நினைத்துக்கொண்டு நாலு போட்டுக் குடிப்பீர்கள்.