குரலைப் போட்டுப் பறவையைக் கூப்பிடலாமா?

வணக்கம் அண்ணா,

களுவாஞ்சிக்குடியிலிருந்து எழுதுகிறேன். வாவிக்கரையில் கொக்கு, நாரை, மீன்கொத்தி என்று படமெடுத்துப் பழகியவன். பங்குனியில் நண்பர்களோடு சிங்கராஜ வனத்துக்குப் போகிறோம். என்னிடம் இருப்பது 300 எம்எம் லென்ஸ். போதுமா? அங்கே பறவை கண்ணில் படுவதே கஷ்டம் என்கிறார்கள். போனில் அதன் குரலைப் போட்டால் கிட்ட வருமாமே, செய்யலாமா?

வாசகன்

அன்புள்ள தம்பி,

குரல் விஷயத்தை முதலில் சொல்கிறேன். தயவுசெய்து போடாதீர்கள். தன் எல்லைக்குள் இன்னொன்று புகுந்துவிட்டது என்று எண்ணித்தான் பறவை பாய்ந்து வருகிறது. இரையை விட்டு வருகிறது, கூடு இருந்தால் கூட்டையும் விட்டு வருகிறது. பங்குனி அங்கே பல பறவைகள் கூடு கட்டும் காலம். நீங்கள் ஒரு தடவைதான் போடுவீர்கள். அடுத்த நாள் வருகிறவரும் அதே வளைவில் நின்று போடுவாரே!

அந்தக் காட்டில் காதுதான் பெரிய கருவி. பறவை ஆய்வாளர் தீபால் வரகாகொட 1995இல் கித்துல்கலக் காட்டில் இனம் தெரியாத ஓர் ஆந்தைக் குரலைக் கேட்டார். பறவையைக் கண்ணால் கண்டது 2001இல், சிங்கராஜவில். 2004இல் அது புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. 1868க்குப் பிறகு இலங்கையில் கிடைத்த முதல் புதுப் பறவை இனம் அது. எனக்கு இதைவிடப் பெரிய பாடம் தெரியாது.

நீங்கள் கேட்க வேண்டியது தவிட்டுக்குருவிகளின் இரைச்சலை. செம்மஞ்சள் அலகுள்ள அந்தக் குருவிகளும் கொண்டைக் கரிச்சானும் முன்னே போக, பத்துக்கு மேற்பட்ட இனங்கள் ஒன்றாக இரை தேடித் திரியும். கரிச்சான் மற்றப் பறவைகளின் குரலிலும் கத்தும், ஏமாந்துவிடாதீர்கள். ஒரு மணித்தியாலம் காடு வெறுமையாகக் கிடக்கும். அப்புறம் கூட்டம் வந்தால் எதைப் பார்ப்பது என்றே தெரியாது. பின்னால் ஓடாமல், அது போகும் திசையைப் பார்த்து முன்னே போய் நில்லுங்கள். கெஹிபெல்லா என்று சிங்களத்தில் சொல்கிற நீலப் பறவையும் சில வேளை அதோடு வரும்.

லென்ஸ் போதும். தட்டுப்பாடு வெளிச்சத்துக்குத்தான். வாவியில் எடுக்கிற கணக்கு அங்கே செல்லாது. கமராவின் ஒளி உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, 3200க்கு ஏற்றத் தயங்க வேண்டாம், படத்தில் புள்ளி விழுந்தால் விழட்டும். கிளைக்குப் பின்னால் வானம் தெரிந்தால் எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டுங்கள், இல்லாவிட்டால் பறவை கரிக்கட்டையாகத்தான் வரும். பிளாஷ் வேண்டாம், ஆந்தைக்கு அறவே வேண்டாம்.

அட்டைக் கடிக்குக் காலுறை, ஈரத்துக்குக் கமராப் பைக்குள் சிலிக்கா ஜெல். புது லென்ஸுக்கு வைத்திருக்கும் காசில் இன்னும் ஒரு நாள் தங்கி, நல்ல வழிகாட்டி ஒருவரோடு நடவுங்கள்.