183 டிகிரியில் என்ன நடக்கிறது? யூடெக்டிக் கேள்வி பதில்

கோவையில் ஒரு பவுண்டரி லேபில் 26 வருஷம் இரும்புக் குழம்பின் சூட்டைப் பார்த்துப் பிழைத்தவன் நான். கலவைகள் ஏன் சீக்கிரம் உருகுகின்றன என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரு வேண்டுகோள்: ஈயத்தை வீட்டு அடுப்படியில் உருக்கிப் பார்க்காதீர்கள். இதைப் பின்னாலும் சொல்வேன்.

கேள்வி (பாலிடெக்னிக் மாணவர்): ஈயம் 327 டிகிரியில் உருகும், வெள்ளீயம் 232 டிகிரியில். கலந்தால் நடுவில் 270 பக்கம்தானே உருக வேண்டும்? ஒயர் பற்றவைக்கும் ஈயக் கலவையான சால்டர் 183 டிகிரியில் உருகுவது எப்படி?

பதில்: முதலில் சராசரி போடும் பழக்கத்தை விடுங்கள் தம்பி. உருகுநிலை சந்தை விலை அல்ல.

திடநிலையில் இந்த இரண்டு உலோகமும் ஒன்றுக்கொன்று அவ்வளவாக இடம் கொடுப்பதில்லை. 183 டிகிரியில் ஈயப் படிகத்துக்குள் 19 சதவீதம் வரை வெள்ளீயம் புகும். வெள்ளீயத்துக்குள் ஈயம் இரண்டரை சதவீதம்தான் புகும். உருகிவிட்டாலோ எந்த விகிதத்திலும் கூடிக் கலக்கும். கலந்த திரவத்தில் அணுக்கள் இடம் மாறி உட்கார எத்தனையோ வழி உண்டு. அந்தத் தாறுமாறுதான் திரவத்தின் பலம். அதனால் சுத்த உலோகம் உறைந்துபோகும் சூட்டிலும் கலவை திரவமாகவே நின்றுவிடுகிறது.

வெள்ளீயம் சேரச் சேர ஈயத்தின் உறைநிலை இறங்கும். எதிர்ப்பக்கம் ஈயம் சேரச் சேர வெள்ளீயத்தின் உறைநிலையும் இறங்கும். இரண்டு சரிவும் சந்திக்கும் பள்ளம்தான் 183 டிகிரி. அந்தப் பள்ளத்துக் கலவைக்குத்தான் யூடெக்டிக் என்று பெயர். அங்கே வெள்ளீயம் சுமார் 62 சதவீதம். கடையில் 63/37 (வெள்ளீயம் 63, ஈயம் 37) என்று விற்பது அதைத்தான். அதற்குக் கீழே சூடு போனால் இரண்டும் ஒரே சமயத்தில் உறைந்தாக வேண்டும். திரவத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த அணுக்கள் தூரம் போக நேரமில்லாமல், ஈயம் ஒரு தகடு, வெள்ளீயம் ஒரு தகடு என்று மெல்லிய அடுக்குகளாகப் பிரிந்து நிற்கும். மைக்ராஸ்கோப்பில் பரோட்டாவைக் குறுக்கே வெட்டிப் பார்த்த மாதிரி இருக்கும்.

கேள்வி: அப்படியானால் யூடெக்டிக் ஒரு சேர்மமா?

பதில்: இல்லை. இரண்டு தனித்தனித் திடப்பொருள்களின் நெருக்கமான கலவை. இதில் குழம்பியதற்கு வெட்கப்பட வேண்டாம். 1884ல் இந்தப் பெயரை வைத்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஃபிரெடரிக் கத்ரியே அதற்கு முன்னால், உப்பும் பனிக்கட்டியும் சேர்ந்து உறைவதைச் சேர்மம் என்று நினைத்து வேறு பெயர் வைத்திருந்தார். யூடெக்டிக் என்றால் கிரேக்கத்தில் நன்றாக உருகுவது என்று பொருள்.

கேள்வி (மதுரை, டிவி மெக்கானிக்): 35 வருஷமாக 60/40 சால்டர் லெட்தான் வாங்குகிறேன். 63/37 என்று விலை கூட வைத்து விற்பது ஏமாற்று வேலை. ஒரு வித்தியாசமும் கிடையாது.

பதில்: ஏமாற்று இல்லை அண்ணே. 63/37 முழுக்க 183 டிகிரியில் உருகி, அதே 183 டிகிரியில் முழுக்க உறையும். 60/40 உருகத் தொடங்குவது 183, முடிவது 190 பக்கம். நடுவில் கூழாக இருக்கும். அந்த நேரத்தில் காம்பொனன்ட்டின் கால் அசைந்தால் ஜாயின்ட் மங்கலாகிச் சொரசொரப்பாக நிற்கும், உள்ளே வெடிப்பும் விட்டிருக்கும்.

மறுபடி மெக்கானிக்: ஏழு டிகிரிக்கா இவ்வளவு பேச்சு? என் அயர்ன் 350ல் நிற்கிறது. ஏழு டிகிரி கண் இமைக்கும் முன்னே போய்விடும். கை ஆடுகிறவனுக்கு 63 கொடுத்தாலும் ஆடத்தான் செய்யும்.

பதில்: சின்ன ஜாயின்டில் நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் தடித்த டிரான்ஸ்ஃபார்மர் கால், கிரவுண்ட் பிளேட் மாதிரி இடங்கள் மெதுவாக ஆறும். அங்கே கூழ் நேரமும் நீளும்.

இடையில் ஒருவர் (ஓய்வு பெற்ற கேபிள் ஜாயின்டர்): இரண்டு பேரும் கூழைக் குறையாகப் பேசுகிறீர்கள். ஈய உறை போட்ட டெலிபோன் கேபிளில் கூழ் இல்லாவிட்டால் எங்கள் வேலையே நடக்காது. ஊற்றி, துணியால் வழித்து வழித்துத்தான் ஜாயின்டைத் திரட்டுவோம்.

பதில்: ஐயா சொல்வதை மெக்கானிக் அண்ணன் மட்டுமல்ல, நானும் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த வேலைக்கு வெள்ளீயம் 30, ஈயம் 70 என்ற அளவில் எடுப்பார்கள். 183ல் உருகத் தொடங்கி 250 தாண்டித்தான் முழுத் திரவமாகும். கிட்டத்தட்ட 70 டிகிரிக்குக் களிமண் மாதிரி வளையும். அங்கே யூடெக்டிக்கை ஊற்றினால் தண்ணீராக ஓடித் தரையில் போய் நிற்கும். யூடெக்டிக் என்றாலே உசத்தி என்று என் பேச்சில் தொனித்திருந்தால் அதைத் திருத்திக்கொள்கிறேன்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். 63 ஆகட்டும், 60 ஆகட்டும், 30 ஆகட்டும், மூன்றும் உருகத் தொடங்கும் சூடு 183தான். விகிதம் மாறினால் முடியும் சூடுதான் மாறும்.

மெக்கானிக்: அப்படியென்றால் என் 60/40லும் யூடெக்டிக் இருக்கிறது!

பதில்: இருக்கிறது. பெரும்பகுதி அதுதான். கூடவே கொஞ்சம் ஈயப் படிகம் முன்கூட்டியே உறைந்து மிதக்கும், அவ்வளவுதான். நீங்கள் ஜெயித்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள், கையைக் கழுவாமல் டீ குடிக்காதீர்கள்.

கேள்வி: ஐஸில் உப்பு போட்டால் இன்னும் குளிர்வது ஏன்?

பதில்: அதே கதைதான். சமையல் உப்பும் தண்ணீரும் சேர்ந்த யூடெக்டிக் மைனஸ் 21 டிகிரி, உப்பு 23 சதவீதம் பக்கம். உப்பு பட்டதும் ஐஸ் உருகத் தொடங்கும். உருக வேண்டிய வெப்பத்தைத் தன்னிடமிருந்தும் சுற்றியுள்ள குல்ஃபி அச்சிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். பனி நாடுகளில் சாலைக்கு உப்பு தூவுவதும் இதனால்தான். மைனஸ் 21க்குக் கீழே போனால் அந்த உப்பு வெறும் மண்.

கேள்வி (மருந்துக்கடை வைத்திருப்பவர்): புதினா உப்பு, ஓம உப்பு, கற்பூரம் மூன்றையும் ஒரு பாட்டிலில் போட்டுக் குலுக்கினால் தண்ணீர் ஊற்றாமலே எண்ணெயாகிவிடுகிறது. இதுவும் அதுதானா?

பதில்: அதேதான், இதைவிட அழகான செய்முறை கிடையாது. புதினா உப்பு என்கிற மென்தால் 42 டிகிரியிலும், ஓம உப்பு என்கிற தைமால் 50 டிகிரியிலும், கற்பூரம் 175 தாண்டியும் உருகும். தனித்தனியே மூன்றும் திடம். ஒன்றை ஒன்று தொட்ட இடத்தில் உருகுநிலை அறைச் சூட்டுக்குக் கீழே இறங்கிவிடுவதால் தொட்ட இடமெல்லாம் கசியும், கசிந்தது மற்றதையும் கரைக்கும். சூடே காட்ட வேண்டாம். தலைவலித் தைலம் செய்கிறவருக்கு இது வரம். பவுடர் பொட்டலம் கட்டுகிற பார்மசிஸ்டுக்குத் தொல்லை. அதனால் அவர்கள் மெக்னீசியம் கார்பனேட் மாதிரி உறிஞ்சும் பொடியில் தனித்தனியே புரட்டிவிட்டுக் கலப்பார்கள்.

ஊசி போடும் முன் தோலை மரக்கச் செய்யும் கிரீமிலும் இதே தந்திரம். லிடோகெயின் 68 டிகிரி, பிரிலோகெயின் 38 டிகிரி பக்கம். சம அளவு கலந்தால் 18 டிகிரியிலேயே எண்ணெய். கரைப்பான் இல்லாமல் மருந்தே திரவமாவதால் தோலுக்குள் நன்றாக இறங்குகிறது.

அந்தத் தைலத்தைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும்.

கேள்வி: அந்தத் தைலத்தை என் மூட்டுவலிக்கு எத்தனை வேளை தடவலாம்?

பதில்: டாக்டரைக் கேளுங்கள்.

கேள்வி: மாலில் தீ பிடித்தால் தண்ணீர் தெளிக்கக் கூரையில் தொங்கும் சிவப்புக் குப்பி யூடெக்டிக்தானே?

பதில்: இல்லை. அது கண்ணாடிக் குமிழ். உள்ளிருக்கும் திரவம் விரிந்து உடைக்கும். உலோக இணைப்பு வைத்த வகையில்தான் பிஸ்மத், ஈயம், வெள்ளீயம், காட்மியம் சேர்ந்த கலவைகள் வரும். அவற்றில் உட்ஸ் மெட்டல் (Wood's metal) என்ற கலவை 70 டிகிரியிலேயே உருகும்.

கேள்வி: தங்கம் 1064, செம்பு 1085. கலந்தால் 1075ஆ?

பதில்: மறுபடி சராசரி! 900 டிகிரிப் பக்கம் வரை இறங்கும். ஆனால் அது யூடெக்டிக் அல்ல. இரண்டும் உறையும்போதும் ஒரே படிகமாகக் கூடிவிடும். பள்ளம் இருப்பதெல்லாம் யூடெக்டிக் ஆகாது. வெள்ளியும் செம்பும்தான் அசல் ஜோடி: 72 பங்குக்கு 28, 780 டிகிரி. பத்தர்கள் நகை பற்றவைக்கப் பொடி வைத்து ஊதுவது இந்த மாதிரிச் சரிவுகளை நம்பித்தான். கேடிஎம் என்ற நகை வகையில் காட்மியம் சேர்த்து வந்ததும் பொடி சீக்கிரம் உருகத்தான். ஆனால் காட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்துப் புகையாகும், அது பத்தரின் நுரையீரலுக்குப் போகும்.

கேள்வி: பித்தளை? வெண்கலம்? தாமிரம் நிக்கல்?

பதில்: பித்தளையில் இல்லை. தாமிரம் நிக்கலில் அறவே இல்லை. பட்டியல் போட்டுக் கேட்காதீர்கள் ஐயா, எந்தக் கலவை எந்தச் சூட்டில் திடம், எதில் திரவம் என்று காட்டும் ஒரு நிலைப்பட நூலைப் புரட்டுங்கள்.

கேள்வி (பம்ப் செட் கம்பெனி ஊழியர்): வார்ப்பிரும்பில் உங்கள் லேபில் என்ன பார்ப்பீர்கள்?

பதில்: இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். சுத்த இரும்பு 1538 டிகிரி. 4.3 சதவீதம் கார்பன் சேர்ந்தால் 1147. அதனால்தான் வார்ப்பிரும்பு அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிறைகிறது. சிலிக்கனும் கார்பன் மாதிரியே வேலை செய்வதால், கார்பனோடு சிலிக்கனில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டி சி.இ. (கார்பன் ஈக்விவலன்ட்) என்போம்.

உள்ளே டெல்லூரியம் பூசிய சின்ன மணல் கிண்ணம், நடுவில் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள். கரண்டியில் குழம்பை எடுத்து ஊற்றியதும் திரையில் கோடு சரசரவென இறங்கும். ஓரிடத்தில் தயங்கும், அது முதல் படிகம். மறுபடி இறங்கி, பிறகு தரையில் படுத்தது போல நேராகப் போகும். அதுதான் யூடெக்டிக், மிச்சத் திரவம் முழுதும் உறைந்து தன் வெப்பத்தைக் கக்கும் வரை சூடு இறங்காது. அந்த இரண்டு எண் போதும், கார்பனும் சிலிக்கனும் கணக்கில் வந்துவிடும். உலைக்காரர் கையில் கரண்டியோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். பாஸ்பரஸ் கூடிய பழைய இரும்பு வந்த நாட்களில்தான் தலைவலி. இரும்பு, கார்பன், பாஸ்பரஸ் மூன்றின் யூடெக்டிக் 950 டிகிரி வரை உறையாமல் மூலையில் ஒளிந்திருக்கும். கடைசியில் பம்ப் உடலில் ஊசித்துளையாகத் தண்ணீர் கசியும்.

கேள்வி: பாட்டியின் ஈயச் சொம்பு ரசம் வற்றியதும் அடுப்பிலேயே உருகிவிட்டது. யூடெக்டிக்தானே?

பதில்: நல்ல சொம்பாக இருந்தால் இல்லை. அது சுத்த வெள்ளீயம், 232ல் உருகும். ரசம் இருக்கும் வரை சொம்பின் சூடு 100 பக்கம்தான்; வற்றியதும் காப்பாற்ற ஆள் இல்லை. ஆனால் முழுதாக உருகாமல் முதலில் கூழாகச் சரிந்து உட்கார்ந்தது என்றால் சந்தேகப்படுங்கள். காரீயம் (மேலே ஈயம் என்று சொன்னது) கலந்திருந்தால் 183லேயே இளக ஆரம்பிக்கும், அந்தக் காரீயம் புளித்தண்ணீரில் இறங்கும். மிச்சத்தை உருக்கிப் பார்க்க வேண்டாம், எக்ஸ்ரே பாய்ச்சி என்ன உலோகம் என்று சொல்லும் எக்ஸ்ஆர்எஃப் வசதியுள்ள லேபில் காட்டுங்கள்.